உருண்டைக் கைப்பிடி

உக்காருங்க அம்மிணி. அந்த ஸ்டூலை இப்படி ஃபேனுக்குக் கீழ இழுத்துப் போட்டுக்குங்க. கடைக்காரரு எனக்காகத்தான் குடோனுக்குப் போயிருக்காரு. பின்னாடி தெருவுலதான், ஆனாலும் தேடி எடுத்துட்டு வர அரை மணி ஆகும். நீங்களும் சமையல்கட்டுக் கதவுக்குத்தான் கைப்பிடி பார்க்க வந்தீங்களா? வீட்டுக்காரரு வண்டி நிறுத்திட்டு வர்றாரா? சரி, வரட்டும். நல்லாப் பார்த்து எடுங்க, அவசரப்படாதீங்க. ஒரு கைப்பிடியினால குடும்பம் ரெண்டாப் போகுமான்னு யாராச்சும் கேட்டிருந்தா, ரெண்டு மாசத்துக்கு முந்தி நானே சிரிச்சிருப்பேன்.

எம்பேரு நஞ்சப்பனுங்க. வீடு சிங்காநல்லூரு. பம்ப்செட் கம்பெனி ஒண்ணுல முப்பத்தோரு வருஷம் இன்ஸ்பெக்ஷன்ல இருந்தேன். கடைசி மேசை என்னுது. நான் பார்த்து ஓகே போட்டாத்தான் பம்ப்பு லாரி ஏறும். தலைமயிரு அளவுக்குக் கீறல் இருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. சிவப்புப் பெயிண்டுல ஒரு பெருக்கல் குறி போட்டன்னா முடிஞ்சுது, மேனேஜரே வந்தாலும் மறுபேச்சு கெடையாது. அப்படி இருந்தவன ஏமாத்திப்புட்டாங்க அம்மிணி. வெளியாளுன்னாக்கூடப் பரவால்ல. கட்டுன பொண்டாட்டி, பெத்த பொண்ணு, வேலைக்கு வந்த ஆசாரி, மூணு பேரும் சேர்ந்துட்டு ஏமாத்துனாங்க. அதத்தான் இன்னைக்கு வரைக்கும் என்னால செரிக்க முடியல.

பொண்டாட்டி பேரு சாரதாமணி. பொள்ளாச்சிப் பக்கம். கல்யாணமாகி முப்பத்துமூணு வருஷம். ஒரே பொண்ணு, கோகிலவாணி, ஈரோட்டுல குடுத்திருக்குது. எங்க வீட்டுச் சமையல்கட்டுல ஆதியில இருந்து வெறும் சிலாப்புதான், கதவு கெடையாது. "கரப்பான் ஏறுதுங்க, பாத்திரத்த எல்லாம் ரெண்டு தடவ கழுவ வேண்டியிருக்குது, ஒரு கதவு போட்டுக் குடுங்க"ன்னு அவ கேட்டுட்டே இருந்தா. எத்தன வருஷம்னு கேக்காதீங்க. கேட்டா, நானும் பண்ணிடலாம் பண்ணிடலாம்னுதான் சொல்லிட்டு வந்தேன். ரிட்டயர் ஆனதும் மொத வேலையா அதத்தான் எடுத்தேன். சொன்ன சொல்லக் காப்பாத்தற ஆளு நானு. அத நீங்க குறிச்சுக்கணும்.

ஜெயபால்னு ஒரு ஆசாரி. நல்ல வேலைக்காரன், அதையும் சொல்லிடறேன். பெட்டி எல்லாம் அடிச்சு, கதவு எல்லாம் தொங்கவிட்டு, "சார், கைப்பிடி மட்டும் வாங்கிக் குடுத்துருங்க, இருபத்திரண்டு வேணும்"னான். சாரதாமணியக் கூட்டிட்டு இதே கடைக்கு வந்தேன். கூட்டிட்டு வந்தேனுங்க. எத்தன பேரு கூட்டிட்டு வர்றாங்க சொல்லுங்க?

அதா அந்தப் பலகையிலதான் எல்லாத்தையும் மாட்டி வெச்சிருந்தாங்க, இப்ப இருக்கற மாதிரியே. எல்லாரும் எப்படிப் பார்ப்பாங்க? கலரு பார்ப்பாங்க, டிசைன் பார்ப்பாங்க. இவ ஒண்ணையும் பார்க்கல. ஒவ்வொண்ணா கையப் போட்டு இழுத்து இழுத்துப் பார்த்தா. முழுக் கையையும் உள்ள விட்டுப் பார்த்தா. நானும் கடைக்காரரும் பேசிட்டிருந்தோம். கடைசியில ஒண்ணுகிட்ட நின்னுட்டு, "ஏனுங்க, இது இருக்கட்டுமே"ன்னா. போய்ப் பார்த்தா, மொட்டை ஸ்டீலு. பெருசா, வளைவா, ஒரு வேலைப்பாடும் இல்லாம. ஆஸ்பத்திரிக் கதவுல போட்டிருப்பாங்களே, அது மாதிரி. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. "நம்ம வீடு என்ன ஆஸ்பத்திரியா?"ன்னேன். கடைக்காரரும் சிரிச்சாரு. பாவம், அவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும்?

நான் எடுத்தது நாப்பு. உருண்டையா, நெல்லிக்காய் அளவுக்கு, பித்தளை கலர்ல, மேல இதழ் இதழாச் செதுக்கினது. சும்மா சொல்லக்கூடாது, கையில வெச்சாலே ஒரு கனம் தெரியும். பதினோரு மாடல் பார்த்து அத எடுத்தேன். அவ கையில ஒண்ணக் குடுத்து, எப்படின்னு கேட்டேன். கேட்டேனுங்க. அவ ரெண்டு விரலுல பிடிச்சுப் பார்த்துட்டு, "வழுக்குதுங்களே"ன்னா.

"புதுசுல அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாயிரும்"னேன்.

அதுக்கப்பறம் அவ ஒரு வார்த்தை பேசல. கடையில பேசல, வண்டியில பேசல, வீட்டுக்கு வந்தும் பேசல. பிடிக்கலன்னா வாயத் தொறந்து சொல்லணுமா இல்லையா? நீங்களே சொல்லுங்க.

ஜெயபால் மாட்டிக் குடுத்தான். நான் மட்டம் வெச்சு இருபத்திரண்டையும் பார்த்தேன். ஒண்ணே ஒண்ணு அரை எம்எம் எறங்கியிருந்துச்சு, கழட்டி மறுபடி மாட்டச் சொன்னேன். பொழுதோட லைட்டப் போட்டுப் பார்த்தா, சமையல்கட்டே கோயில் மாதிரி மின்னுச்சு. ஃபோட்டோ எடுத்து எங்க கம்பெனி ஆளுங்க குரூப்புல எல்லாம் போட்டேன். 

ஒரு வாரம் இருக்கும். தண்ணி குடிக்க உள்ள போறேன், கீழ் வரிசை நாப்பு எல்லாத்துலயும் கிழிஞ்ச சேலைத்துணி தொங்குது! பட்டை பட்டையாக் கிழிச்சு, வளையம் மாதிரி முடிச்சுப் போட்டு மாட்டி வெச்சிருக்கறா. குரங்கு வாலு மாதிரி தொங்குது. "என்ன இது கோலம்?"னு கேட்டேன். "மணிக்கட்ட விட்டு இழுத்தா ஈசியா இருக்குதுங்க"ன்னா. "ஒறம்பரை வந்தா என்ன நெனப்பாங்க?"ன்னு எல்லாத்தையும் கத்திரியில வெட்டிப் போட்டேன். ரெண்டாம் நாளு திரும்பவும் கட்டியிருந்தா. திரும்பவும் வெட்டினேன். மூணாவது தடவ அவ கட்டல. சரி, புரிஞ்சுக்கிட்டாள்னு நெனச்சேன்.

அப்பறம் பார்த்தா கதவ மூடறதே இல்ல. எப்பப் போனாலும் அத்தனையும் ஆன்னு தொறந்து கெடக்கும். நான் பின்னாடியே போயி மூடிட்டு வருவேன். அப்பறம் கதவத் தொறக்கறதையும் விட்டுட்டா. சாமான் பூராவும் மேடை மேல வந்துருச்சு. புளி, பருப்பு, எண்ணெய் எல்லாம் வெளியவே கெடக்குது. எதுக்கு இத்தன கஷ்டப்பட்டுக் கதவு போட்டோம்? கேட்டாக்க, "இருக்கட்டுங்க"ம்பா. அந்த வாரத்துல ரெண்டு கண்ணாடி டம்ளரு போச்சு. ஒருநாளு ரசச் சட்டியே கை தவறி விழுந்துச்சு, நல்லவேளை கால்ல படல. "கவனம் எங்க இருக்குது உனக்கு?"ன்னு ரெண்டு சத்தம் போட்டேன். போடத்தான் போட்டேன். பின்ன, கால்ல கொட்டியிருந்தா?

இப்ப வருது பாருங்க விசயம்.

கூட வேலை பார்த்தவரு பையனுக்குத் திருநெல்வேலியில கல்யாணம். நாங்க எட்டுப் பேரு வேன் பிடிச்சுப் போனோம். அப்படியே திருச்செந்தூரு, குற்றாலம்னு நாலு நாளு. திரும்பி வந்து வீட்டுக்குள்ள நுழையறேன். சமையல்கட்டுல அவ நிக்கறா. சிரிச்ச மொகமா நிக்கறா. கதவப் பார்த்தா, அந்த ஆஸ்பத்திரிக் கைப்பிடி! இருபத்திரண்டும்! நாப்பு இருந்த ஓட்டையில ஒரு பக்கத்த மாட்டி, கீழ புதுசா ஒரு ஓட்டை போட்டு இன்னொரு பக்கத்த மாட்டியிருக்கறான். நாப்பு எல்லாத்தையும் கழட்டி ஒரு பிளாஸ்டிக் கவருல போட்டு ஜன்னல் மேல வெச்சிருக்குது.

நான் ஊருல இல்லாத நாளாப் பார்த்துப் பண்ணியிருக்கறாங்க. அத யோசிச்சுப் பாருங்க. திருடன்கூட ஆளில்லாத வீடாப் பார்த்துத்தான் வருவான்.

அவகிட்ட நான் பேசல. நேரா ஜெயபாலுக்கு ஃபோனப் போட்டேன். "யாரக் கேட்டுடா என் வீட்டுக் கதவுல ஓட்டை போட்ட?"ன்னு கேட்டேன். அவன் பயப்படவே இல்லீங்க. "அக்காதான் சொன்னாங்க சார். அக்காவுக்கு விரலு மடங்கறதில்லீங்களே, அந்த நாப்ப அவங்க எப்படிப் பிடிப்பாங்க?"ன்னான்.

"யாருக்கு விரலு மடங்கல?"

அவன் சொன்னான். "சார், நான் வேலைக்கு வந்த மொத நாளே பார்த்தேன். டீ டம்ளர ரெண்டு உள்ளங்கையிலயும் அணைச்சுப் பிடிச்சுத்தான் குடுத்தாங்க. நீங்க நாப்பு வாங்கிட்டு வந்தப்ப, என்னடா இதுன்னு இருந்துச்சு. உங்களுக்குத் தெரிஞ்சுதான் வாங்கியிருப்பீங்கன்னு விட்டுட்டேன்."

பதினெட்டு நாளு வேலைக்கு வந்த ஆசாரிக்குத் தெரிஞ்சிருக்குதுங்க அம்மிணி.

பொண்ணுக்கு ஃபோன் பண்ணினேன். அது எடுத்ததுமே, "ஆமாப்பா, முடக்குவாதம். ரெண்டு வருஷமாச்சு. இங்க வர்றப்ப எல்லாம் நான்தான் டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போறேன்"னு சொல்லுச்சு. விரல் மூட்டு பூராவும் வீக்கமாம். காலையில எந்திரிச்சா ரெண்டு மணி நேரத்துக்கு விரலு கட்டை மாதிரி நிக்குமாம். மாத்திரை சாப்பிட்டுட்டு இருக்கறாளாம். எங்க வீட்டுல. என்கூட இருந்துட்டே. மாத்திரை எங்க இருந்துச்சு தெரியுங்களா? சாமி ரூம்பு, விபூதித் தட்டுக்குப் பக்கத்துல. தெனமும் நான் விபூதி எடுக்கற எடம். நான் அத ஏதோ சத்து மாத்திரைன்னு நெனச்சுட்டிருந்தேன்.

பக்கத்து வீட்டு அம்மாவுக்குத் தெரியும். அவங்கதான் தேங்கா துருவிக் குடுப்பாங்களாம். மாவுக்கடைக்காரருக்குத் தெரியும், அவரு தூக்க வசதியா மாவ ரெண்டு பையாப் பிரிச்சுக் கட்டிக் குடுப்பாராம். ஊருக்கே தெரிஞ்சிருக்குது. புருஷனுக்குத் தெரியாது. எனக்கு எப்படி இருந்திருக்கும்?

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"ன்னு கேட்டேன். நல்லாத்தான் கேட்டேன். சத்தமாக் கேட்டேன், ஆனா நல்லாத்தான் கேட்டேன்.

"சொன்னேனுங்க"ன்னா.

"எப்பச் சொன்ன?"

"கடையிலயே வழுக்குதுன்னு சொன்னேனுங்களே."

"அது நாப்பப் பத்திச் சொன்னது. கையப் பத்தி எங்க சொன்ன?"

"ரெண்டு வருஷத்துக்கு முந்தி தீவாளிக்கு, முறுக்குப் பிழிய முடியல, விரலு வலிக்குதுன்னு சொன்னேன். வயசானா எல்லாருக்கும்தான் வலிக்கும்னீங்க. டாக்டருகிட்டப் போலாமான்னு கேட்டேன். கம்பெனியில கணக்கெடுப்பு நடக்குது, அப்பறம் பார்க்கலாம்னீங்க. துணி கட்டினப்பக்கூடச் சொன்னேன். நீங்க கத்திரியத் தேடிட்டிருந்தீங்க."

நான் சொல்லியிருப்பேனுங்க. இல்லைங்கல. ஆனா ஒரு பேச்சுவாக்குல சொல்றதும், உக்கார வெச்சு, இந்த மாதிரி எனக்கு இன்ன வியாதின்னு சொல்றதும் ஒண்ணுங்களா? வியாதின்னா அப்படித்தானே சொல்லணும்? பொண்ணுகிட்ட அப்படித்தானே சொல்லியிருக்கறா?

அந்த ஆத்திரத்துல நான் ஒண்ணு பண்ணினேன். மறைக்காமச் சொல்றேன். ஸ்க்ரூ டிரைவர எடுத்துட்டு வந்து அந்த இருபத்திரண்டு ஸ்டீல் கைப்பிடியையும் கழட்டினேன். கவருல இருந்த நாப்ப எல்லாம் எடுத்து ஒவ்வொண்ணாத் திரும்ப மாட்டினேன். ஒரு மணி நேரம் ஆச்சு. அவ அடுப்புல பருப்பு வெச்சிருந்தா. நான் ஒவ்வொரு கதவாக் கழட்ட ஒதுங்கி ஒதுங்கி எடம் விட்டுட்டு நின்னா. மத்தியானம் பழைய இரும்புக்காரன் வந்தான். ஸ்டீல் எல்லாத்தையும் அவன் சாக்குல கொட்டிட்டேன். அது விழுந்த சத்தத்துக்கு அவ ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தா. அப்பறம் உள்ள போயி அடுப்ப அணைச்சா.

கொஞ்ச நேரம் கழிச்சு, பையோட வந்து நிக்கறா. நல்ல சேலை கட்டிட்டு. பைய என் முன்னாடி திண்டு மேல வெச்சு, "ஜிப்ப மட்டும் போட்டுக் குடுங்க. என்னால இழுக்க முடியல"ன்னா.

போட்டுக் குடுத்தேன்.

ஆமாங்க, போட்டுக் குடுத்தேன். என்ன பண்ணச் சொல்றீங்க? கேட்டா, குடுத்தேன். பைய மணிக்கட்டுல மாட்டிட்டு, செருப்புப் போட்டுட்டு, வாசல் கேட்டத் தோளுல தள்ளித் தொறந்துட்டுப் போயிட்டா. அவ தோளுல தள்ளித்தான் கேட்டத் தொறக்கறான்னு நான் அன்னைக்குத்தான் பார்க்கறேன். அம்மா ஈரோட்டு பஸ்ஸு ஏறிட்டாங்கன்னு பொண்ணுதான் ஃபோன் பண்ணிச் சொல்லுச்சு.

அதுக்கப்பறம் நாப்பத்தஞ்சு நாளு. வருவா வருவான்னு பார்த்தேன். வரல. நானே சமைச்சேன். மெஸ்ஸுல இருந்தும் வாங்கினேன். நாப்பு மின்னிட்டுத்தான் இருந்துச்சு, ஆனா அதுக்குக் கீழ புது ஓட்டை ஒவ்வொண்ணும் பல்லு விழுந்த மாதிரி தெரியுது. அத எதையாச்சும் வெச்சு அடைக்கலாம்னு பார்த்தேன், அடைச்சாலும் தெரியும். எனக்குத் தெரியும்.

போன ஞாயித்துக்கெழமை ஈரோட்டுக்குப் போனேன். எறங்கிப் போகக் கூடாதுன்னுதான் இருந்தேன், இருந்தாலும் போனேன். மருமகன் வாங்கன்னாரு, பொண்ணு மொகத்தத் திருப்பிட்டுப் போயி தண்ணி கொண்டு வந்துச்சு. சாரதாமணி சமையல்கட்டுல இருந்தா. வாடகை வீடுதான், ஆனா வீட்டுக்கார அம்மாகிட்டச் சொல்லி, பொண்ணு இவளுக்காகக் கைப்பிடி மாத்தி வெச்சிருக்குது. அவ ரேடியோவ வெச்சுட்டு, பாட்டுக்கு ஏதோ முனகிட்டே, கைய உள்ள விட்டு இழுத்து, பருப்ப எடுத்து, இடுப்பால ஒரு தட்டுத் தட்டி மூடறா. நான் வாசப்படியில நின்னு பார்த்துட்டே இருந்தேன். எங்க வீட்டுல அவ பாடி நான் கேட்டதே இல்லீங்க. நான் நிக்கறதப் பார்த்ததும் ரேடியோவ நிறுத்திட்டா.

சாப்பாடு போட்டா. நல்லாத்தான் போட்டா. சாப்பிட்டுட்டு, "எப்ப வர்ற?"ன்னு கேட்டேன்.

"கதவு எப்படி இருக்குதுங்க?"ன்னு கேட்டா. நாப்புத்தான் இருக்குதுன்னேன்.

"வந்தன்னா மாத்திக்கலாம்"னு சொன்னேன்.

"மாத்திட்டுச் சொல்லுங்க"ன்னா. கோபமெல்லாம் இல்ல. கரண்டு பில்லு கட்டியாச்சான்னு கேப்பாளே, அந்தக் கொரல்ல சொன்னா. அதுதான் எனக்கு ரொம்ப வெசனமாப் போச்சு. கத்தியிருந்தா நானும் கத்தியிருப்பேன்.

அதனாலதான் வந்திருக்கறேன். இப்பக் கோளாறு என்னன்னா, ரெண்டு ஓட்டைக்கும் நடுவுல தொண்ணூத்தாறு எம்எம். வெர்னியர் வெச்சு இருபத்திரண்டு கதவுலயும் அளந்துட்டேன். அந்த ஸ்டீலு மாடல் இப்பத் தொண்ணூத்தாறுல வர்றதில்லையாம், நூத்தி இருபத்தெட்டுத்தான் வருதாம். பழசு ஏதாச்சும் கெடக்குதான்னு பார்க்கத்தான் அவரு குடோனுக்குப் போயிருக்காரு. இல்லைன்னா, இதா இது தொண்ணூத்தாறுதான். பாருங்க, இலை மாதிரி வேலைப்பாடு, பித்தளை கலரு. இதுவும் கைப்பிடிதானுங்களே? நாப்பு இல்லையே? அவளுக்கு வேண்டியது கைப்பிடி. இது பார்க்கவும் லட்சணமா இருக்குது. ஒரே கல்லுல… என்ன அம்மிணி?

ஃபோன் பண்ணிக் கேக்கறதா? அவகிட்டயா? கேக்கலாம். கேட்டா என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியும். "உங்களுக்குப் பிடிச்சதையே வாங்குங்க"ம்பா. முப்பத்துமூணு வருஷமா அதத்தான் சொல்லிட்டிருக்கறா.

நீங்க ஒண்ணும் தப்பாச் சொல்லல, விடுங்க. கேக்கறேன். ஆனா கேக்கறதுக்கு முந்தி எனக்குத் தெரியணுமில்ல? திரும்பவும் அவ ஒண்ணு சொல்லி, நான் ஒண்ணச் செஞ்சுட்டு வந்து நிக்க முடியாது. ஒரு உபகாரம் பண்ணுங்க. அந்த மேசை மேல இரும்பு ஸ்கேலு கெடக்குது பாருங்க, சின்னது, அத எடுங்க. இந்தாங்க கர்ச்சீப்பு. ஸ்கேல என் உள்ளங்கையோட விரல் வரைக்கும் வெச்சு, நாலு விரலையும் சேர்த்துச் சுத்துங்க. இன்னும் இறுக்கமா. கட்டை விரலையும் சேர்த்துக்குங்க. வலிச்சாப் பரவால்ல, அவளுக்கும் வலிக்குமில்ல. ம், முடிச்சுப் போடுங்க.

இப்ப மடங்கல.

இந்த இலை வேலைப்பாட்டுல இருந்து ஆரம்பிக்கறேன். கை உள்ளயே போக மாட்டேங்குது. பக்கவாட்டுல விட்டா… இல்ல. நுனியில போட்டு இழுத்தா… வழுக்குது.

வழுக்குதுங்க அம்மிணி.

இருங்க, அவுக்காதீங்க. பலகையில இன்னும் எத்தனையோ இருக்குது, ஒவ்வொண்ணாப் பார்த்துர்றேன்.